இரண்டு விசில், ஒரு தீர்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் நடந்த பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் 'நடுவர்கள் குழப்பம்: கைமாறியது கோப்பை' என்று செய்தி வந்திருந்தது. அந்த ஆட்டத்தில் மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதியவள் நான். உங்கள் செய்தியாளர் ஆடுகளத்தின் எதிர்ப்பக்கம், விருந்தினர் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தலைகளும் மாலைகளும்தான் தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். நான்காவது கால் பகுதி முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியின் ஏழாம் எண் ஆட்டக்காரி பந்தைத் தட்டிக்கொண்டு வலது ஓரத்திலிருந்து உள்ளே புகுந்தாள். தன்னைக் காவல் காத்தவளை ஒரே திருப்பத்தில் கடந்துவிட்டு, கூடையை நோக்கி எழும்பினாள். மறுபக்கம் நின்றிருந்த பதினொன்றாம் எண் ஆட்டக்காரி குறுக்கே ஓடி வந்தாள். மோதல். இருவரும் தரையில் விழுந்தார்கள். பந்து வளையத்தைச் சுற்றி உள்ளே இறங்கியது. அதற்குள் இரண்டு விசில்கள் ஒலித்துவிட்டன.

கூடைக்கு அடியில், எல்லைக் கோட்டருகே நின்ற மூத்த நடுவர் முஷ்டியால் தன் உள்ளங்கையில் குத்திக் காட்டினார். அது சார்ஜிங். பந்தோடு வந்தவள் இடித்தாள் என்று பொருள். பின்னால் வந்துகொண்டிருந்த இளைய நடுவர் அதே நொடியில் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தார். அது பிளாக்கிங். தடுத்தவள் வழிமறித்தாள் என்று பொருள். சார்ஜிங் என்றால் கூடை செல்லாது, பந்து எதிரணிக்குப் போய்விடும். பிளாக்கிங் என்றால் கூடை செல்லும், கூடவே யாரும் தடுக்காமல் எறிய ஒரு ஃப்ரீ த்ரோ. மூன்று புள்ளி வித்தியாசம்.

அதைவிடப் பெரிய சிக்கல் என் தாளில் இருந்தது. ஏழாம் எண்ணுக்கு நேராக நான்கு ஃபவுல், பதினொன்றாம் எண்ணுக்கு நேராகவும் நான்கு ஃபவுல். நம் விதியில் ஐந்தாவது ஃபவுலோடு ஆட்டக்காரி வெளியேற வேண்டும். யார் பக்கம் தீர்ப்பு போனாலும் மற்றவள் வெளியே. ஃபவுல் எண்ணிக்கையைக் காட்டும் பலகைகளில் முதல் நான்கும் கறுப்பு, ஐந்து மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புப் பலகை என் பக்கத்தில் இருந்த உதவி ஸ்கோரரின் கையில் இருந்தது. யாருக்காக உயர்த்துவது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் நீலப் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். நடுவர் மேசைக்கு வந்து எண்ணைச் சொல்லாமல் ஒரு கோடுகூடக் கிழிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

இரண்டு நடுவர்களும் நடுவில் சந்தித்துப் பேசினார்கள். பயிற்சியாளர் யாரையும் அருகே விடவில்லை. பிறகு மூத்தவர் மேசைக்கு வந்தார். வலது கை முஷ்டி, இடது கையில் ஒற்றை விரல்: பதினொன்று. இரண்டு கைகளும் இடுப்புக்குப் போயின. பிளாக்கிங். கூடை செல்லும், ஒரு ஃப்ரீ த்ரோ. சிவப்புப் பலகை உயர்ந்தது. ஃப்ரீ த்ரோவும் உள்ளே போனது.

உங்கள் செய்தியாளர் இதை மூன்று விதமாகக் குறை சொல்கிறார். மூத்த நடுவர் இளையவரின் பிடிவாதத்துக்குப் பணிந்துவிட்டாராம். இரண்டு பேரும் இரண்டு விதமாகக் காட்டியதால் இரண்டு ஆட்டக்காரிகள் பெயரிலும் எழுதும் இரட்டை ஃபவுல்தான் கொடுத்திருக்க வேண்டுமாம். தோற்ற அணி மேல்முறையீடு செய்தால் முடிவு மாறுமாம். மூன்றும் தவறு.

இரட்டை ஃபவுலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அன்று மைதானத்தைச் சுற்றி நின்ற இளைஞர்களும் அதையேதான் கத்தினார்கள். அவர்கள் செல்போனில் அமெரிக்க ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களிலும் ஆண்கள் கல்லூரி ஆட்டங்களிலும் அப்படி ஒரு விதி உண்டு. ஒருவர் பிளாக்கிங் என்றும் மற்றவர் சார்ஜிங் என்றும் சைகை காட்டிவிட்டால் பின்வாங்க முடியாது. இருவர் பெயரிலும் ஃபவுல் ஏறும். அங்குள்ள ரசிகர்கள் அதற்கு 'பிளார்ஜ்' என்று கேலிப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். அதே நாட்டின் பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் வழி வேறு: நடுவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். தொழில்முறை என்பிஏ ஆட்டத்தில் நடுவர்களின் கருத்து வேறுபாட்டால் இரட்டை ஃபவுல் வந்தால் புள்ளி எதுவும் கிடையாது, மைய வட்டத்தில் ஜம்ப் பால், அதாவது நடுவர் மேலே எறியும் பந்துக்கு இரு அணியிலிருந்தும் ஒருவர் எம்ப வேண்டும். ஒரே நாட்டுக்குள் இத்தனை விதம். எதைப் பார்த்துவிட்டு எங்களைக் குறை சொல்கிறார்கள் என்றே சில நேரம் புரிவதில்லை.

நம் நாட்டில் ஆடுவது சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி. அதில் இரட்டை ஃபவுலுக்கு 35-ஆவது பிரிவு இருக்கிறது. இரண்டு எதிரணி ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒருவர்மீது ஒருவர் ஃபவுல் செய்தால்தான் அது இரட்டை ஃபவுல். கூடைக்கு அடியில் இடம் பிடிக்க இரண்டு பேர் ஒருவரையொருவர் தள்ளிக்கொள்கிறார்களே, அது. இரண்டு நடுவர்கள் ஒரே மோதலை இரண்டு விதமாகப் பார்த்தது ஆட்டக்காரிகளின் குற்றம் அல்ல. அன்று இரட்டை ஃபவுல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான்கு ஃபவுலோடு இருந்த இரண்டு பெண்களும் வெளியேறியிருப்பார்கள். நடுவர்களின் வேறுபாட்டுக்கு ஆட்டக்காரிகள் தண்டம் கட்டுவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்க விதிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் எனக்குத் தெரியும். இருவரும் சைகை காட்டிய பிறகு ஒருவர் பின்வாங்கினால், அதிகம் கத்திய பயிற்சியாளர் ஜெயித்துவிட்டார் என்ற எண்ணம் வரும் என்கிறார்கள். அந்தப் பயம் பொய் அல்ல. உங்கள் செய்தியே அதற்குச் சாட்சி. ஆனால் மோதலில் ஒரு பெண் சரியான இடத்தில் இருந்தாள், அல்லது இல்லை. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. இருவர் தலையிலும் பாதிப்பாதி கட்டுவது பார்க்கச் சமமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஃபிபா விதியில் 46-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. நடுவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் முதன்மை நடுவர், அன்று அந்த மூத்தவர், இறுதி முடிவு எடுக்க வேண்டும். அதற்குத் துணை நடுவரையோ, மேசை அலுவலரையோ, ஆணையர் வந்திருந்தால் அவரையோ அவர் கலந்துகொள்ளலாம். கவனியுங்கள், ஒரு நடுவர் தன் பொறுப்புக்குள் கொடுத்த தீர்ப்பை இன்னொரு நடுவர் தள்ளிவைக்க முடியாது என்றும் அதே விதிநூல் சொல்கிறது. ஆகவே மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக இளையவரின் விசிலை மிதித்துவிட்டுப் போக முடியாது. கேட்க வேண்டும். அன்று கேட்டார்.

என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயன் இல்லை. மேசையிலிருந்து அந்தப் பெண்ணின் கால் தெரியாது.

காலைத்தான் பார்க்க வேண்டும். தடுப்பவள் அசையாமல் சிலைபோல் நின்றால்தான் சார்ஜிங், நகர்ந்தால் பிளாக்கிங் என்று பார்வையாளர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சில பயிற்சியாளர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். விதி அப்படி இல்லை. எதிரே வருபவளைப் பார்த்தபடி இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி இடம் பிடித்துவிட்டால், அதன் பிறகு பக்கவாட்டிலோ பின்னாலோ நகர்ந்துகொண்டே தடுக்கலாம். இடி மார்பில் விழுந்தால், அவள் அந்த இடத்துக்கு முதலில் வந்தவள். ஆனால் பந்தோடு இருப்பவள் தரையை விட்டு எழும்பிவிட்ட பிறகு அவள் பாதையில் போய் நிற்கக் கூடாது. எழும்பியவளுக்கு இறங்க இடம் வேண்டும். ஆக நடுவர் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒருத்தியின் கால் எப்போது தரையை விட்டது, மற்றவளின் கால்கள் எப்போது தரையில் ஊன்றின. இரண்டும் நடப்பது ஒரு நொடிக்குள்.

இதை ஒரே ஆள் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதும், இரண்டு பேர் பார்த்தால் ஏன் மோதல் வருகிறது என்பதும் நடுவர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் புரியும். இரண்டு நடுவர் ஆட்டத்தில் ஒருவர் கூடைக்கு அடியில் எல்லைக் கோட்டில் நிற்பார். மற்றவர் பந்துக்குப் பின்னால் பக்கக் கோட்டோரம் வருவார். பந்தைத் தட்டிக்கொண்டு புறப்படுபவள் பின்னால் வருபவரின் பொறுப்பில் புறப்படுகிறாள். கூடையருகே குறுக்கே ஓடி வரும் இரண்டாவது தடுப்பாளரைக் கோட்டில் நிற்பவர் கவனிப்பது வழக்கம். இரண்டு பொறுப்பும் ஒரே புள்ளியில் வந்து முட்டுகின்றன. இரண்டு விசில் ஊதப்பட்டது கோளாறு அல்ல, இருவரும் விழிப்பாக இருந்ததன் அடையாளம்.

அன்று கோட்டில் நின்றவருக்கும் மோதலுக்கும் நடுவே ஒரு உயரமான ஆட்டக்காரி வந்துவிட்டாள். இடி மார்பில் விழுந்ததை அவர் பார்த்தார், பதினொன்றாம் எண்ணின் கால்களைப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவருக்கு இரண்டு பேருக்கும் இடையே இருந்த இடைவெளி திறந்து கிடந்தது. ஏழாம் எண் எழும்பிய பிறகுதான் மற்றவள் வந்து நின்றாள் என்று அவர் சொன்னார். இதை மூத்தவரே இரண்டு அணித் தலைவிகளையும் அழைத்து விளக்கினார். மேசைக்கு முன்னால்தான் சொன்னார், என் காதிலும் விழுந்தது. தான் பார்க்காத ஒன்றைப் பார்த்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பைத் திருத்தியவரை உங்கள் செய்தி 'பணிந்தார்' என்று எழுதுகிறது.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. குறை விசிலில் இல்லை, கையில் இருந்தது. விசில் ஊதியதும் நடுவர் முஷ்டியை மேலே உயர்த்த வேண்டும். அது கடிகாரத்தை நிறுத்தச் சொல்லும் சைகை. அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு சக நடுவரைப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு முஷ்டி உயர்ந்திருந்தால், யாருடைய பகுதி என்பதைக் கண்ணாலேயே தீர்த்துக்கொண்டு ஒருவர் மட்டும் அடுத்த சைகையைக் காட்ட வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அன்று கருத்து வேறுபாடு இருந்தது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. இருவரும் அவசரப்பட்டார்கள். கூட்டம் கத்தும்போது கை தானாக இடுப்புக்குப் போய்விடுகிறது. பயிற்சி வகுப்பில் இதை எத்தனை முறை சொன்னாலும் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மறந்துபோகிறது.

இங்கேதான் போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு 20 நிமிடம் முன்பே நடுவர்கள் ஆடுகளத்துக்கு வந்துவிட வேண்டும், அப்போதிருந்தே அவர்கள் அதிகாரம் தொடங்குகிறது என்பது விதி. அதற்கும் முன்பு இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். குறுக்கே வரும் தடுப்பாளர் யார் பொறுப்பு, இரண்டு விசில் விழுந்தால் யார் விட்டுக்கொடுப்பது என்பதையெல்லாம் அங்கேதான் முடிவு செய்வார்கள். அன்றைய இறுதி ஆட்டத்தில் நடுவர்களுக்குக் கிடைத்த நேரம் முழுவதும் வரவேற்புரையிலும் பொன்னாடையிலும் போனது. இரண்டு நடுவர்களையும் வரிசையில் நிறுத்திச் சிறப்பு விருந்தினரோடு கைகுலுக்க வைத்தார்கள். அந்த இளைய நடுவர் வெளி மாவட்டத்திலிருந்து மதியம்தான் வந்து சேர்ந்தவர். மூத்தவரோடு அவர் சேர்ந்து ஊதிய முதல் ஆட்டம் அது. இருவரும் பத்து நிமிடம் தனியாகப் பேசக்கூட இடம் இல்லை. கழற்றி வைத்த பொன்னாடைகளை எங்கள் மேசையில்தான் குவித்தார்கள், ஷாட் கடிகாரத்தின் சுவிட்சை அவற்றுக்கு அடியில் தேடி எடுத்தோம்.

விதிப்படி முதன்மை நடுவரோடு ஒரு துணை நடுவரும் இருக்கலாம், இருவரும் இருக்கலாம். பெரிய சர்வதேசப் போட்டிகளில் மூன்று பேர்தான் ஊதுகிறார்கள். மூன்றாவது ஆள் இருந்தால் மறைந்துபோன கோணம் ஒன்று திறந்துவிடும். செலவு அதிகம் என்கிறார்கள். ஒரு நடுவருக்குக் கொடுக்கும் படியும் பஸ் கட்டணமும் அன்று வெடித்த வாணவேடிக்கையின் விலைக்கு வராது. குறைந்தபட்சம் அரையிறுதியிலிருந்தாவது மூன்று பேரைப் போடலாம்.

அன்று இன்னொன்றும் நடந்தது. அதை உங்கள் செய்தி குறிப்பிடவே இல்லை. நடுவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது போட்டிக் குழுவைச் சேர்ந்த ஒரு பெரியவர் மேடையிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தார். கையில் செல்போன். 'டீச்சர், இதில் தெளிவாகத் தெரிகிறது, அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்' என்றார். 'ஐயா, அதைப் பார்க்க அவர்களுக்கு அனுமதி இல்லை, நீங்கள் இங்கே நிற்கவும் அனுமதி இல்லை' என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். விதி அப்படித்தான். எந்த வீடியோ சாதனத்தைப் பயன்படுத்தலாம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே முதன்மை நடுவர் அங்கீகரித்திருக்க வேண்டும். பார்வையாளர் எடுத்த படத்துக்கு அங்கே மதிப்பு கிடையாது.

வீடியோ பார்த்தால் சண்டை தீர்ந்துவிடும் என்பதும் ஒரு கனவுதான். 2018 என்பிஏ இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், மே 31, ஓக்லாந்து. கடைசி நிமிடத்துக்குள் கெவின் டூராண்ட் பந்தோடு உள்ளே வந்து லெப்ரான் ஜேம்ஸ் மீது மோதினார். முதலில் கொடுத்தது சார்ஜிங். நடுவர்கள் திரையில் பார்த்துவிட்டு அதைப் பிளாக்கிங் என்று மாற்றினார்கள். டூராண்ட் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுப் புள்ளியைச் சமமாக்கினார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் டூராண்டின் கோல்டன் ஸ்டேட் அணி 124-114 என்று வென்றது. அத்தனை கேமராக்கள் இருந்தும் அந்தத் தீர்ப்பைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

மேடையிலிருந்து இறங்கி வந்த பெரியவரைப் பார்த்தபோது எனக்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் இறுதி ஆட்டம். மூன்று விநாடி மீதியிருக்க அமெரிக்கா 50-49 என்று முன்னிலை. கடிகாரம் பற்றித் தகராறு. ஃபிபாவின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்து, மூன்று விநாடியைத் திரும்ப வைக்கச் சொன்னார். ஆட்டம் நடக்கும்போது தலையிட அவருக்கு விதியில் இடம் இல்லை. அந்தக் கடைசி விநாடிகளில் அலெக்சாண்டர் பெலோவ் கூடை போட, சோவியத் அணி 51-50 என்று வென்றது. பிரேசில் நாட்டு நடுவர் ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை இதுவரை வாங்கவில்லை. ஸ்கோர் ஷீட் எழுதுகிறவள் என்பதால் அந்தக் கையெழுத்து இல்லாத தாளைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பது உண்டு.

ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்துக்கு 13 விதிகள் எழுதியபோது இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு அலுவலர்களில் ஒருவர் ஆட்களைக் கவனித்து ஃபவுல்களைக் குறித்துக்கொள்ள வேண்டும், மற்றவர் பந்தைக் கவனிக்க வேண்டும். வேலை தனித்தனி. ஃபவுல் விஷயத்தில் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்க வழி இல்லை. ஆட்டம் வேகமாக வளர வளர இருவரும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பழைய ஏற்பாட்டுக்கு இனிப் போக முடியாது, ஒரு நடுவரின் கண்ணுக்கு இன்றைய ஆட்டம் அடங்காது.

மேல்முறையீடு பற்றி நீட்ட வேண்டியதில்லை. புள்ளிக் கணக்கில் தவறு, நேரக் கணக்கில் தவறு, தகுதி இல்லாத ஆட்டக்காரர், ஆட்டத்தைக் கைவிட்ட முடிவு போன்றவற்றுக்குத்தான் முறையீடு உண்டு. பிளாக்கிங்கா சார்ஜிங்கா என்பது நடுவரின் மதிப்பீடு. அதற்கு முறையீடு இல்லை. தோற்ற அணியின் பயிற்சியாளருக்கு இது தெரியும், அவர் அன்று முறையீடு எதுவும் கொடுக்கவில்லை. தாளில் முறையீட்டுக்கென்று இருக்கும் இடத்தில் தலைவி கையெழுத்துப் போடாமல்தான் போனாள். 'முறையீடு செய்யப் போவதாகத் தெரிகிறது' என்று உங்கள் செய்தியாளருக்கு யார் சொன்னார்களோ.

கடைசியாக ஒரு திருத்தம். பதினொன்றாம் எண் ஆட்டக்காரி 'மூன்று ஃபவுல் மட்டுமே செய்திருந்த நிலையில் வெளியேற்றப்பட்டார்' என்று அச்சாகியிருக்கிறது. தாளில் இருப்பது ஐந்து: முதல் கால் பகுதியில் ஒன்று சிவப்பு மையில், இரண்டாவதில் ஒன்று நீலத்தில், மூன்றாவதில் இரண்டு மறுபடி சிவப்பில், கடைசியாக இந்த ஒன்று. அந்தப் பெண்ணின் வீட்டார் உங்கள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போட்டிக் குழுவிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள், மகளை அநியாயமாக வெளியேற்றினார்களா என்று. ஸ்கோர் ஷீட்டின் நகல் குழுவிடம் இருக்கிறது. வாங்கிப் பார்த்துவிட்டு அந்த எண்ணையாவது திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த போட்டிக்கு உங்கள் செய்தியாளர் வரும்போது மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்